மீட்டர்காரர் வைத்த புள்ளிகள்

மீட்டர்காரர் இறந்து மூன்று மாதம் கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய மூத்த மகன் கைப்பேசியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து அம்மாவின் பக்கம் திருப்பினான். திரையில் ஊரின் வரைபடம் இருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று காவல்துறையே இணையத்தில் போட்டிருந்தது. புகார் பதிவான ஒவ்வொரு வீட்டின் மேலும் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளிகள் சேரச் சேரத் தெருவே சிவந்துவிடும். சுற்றியிருந்த தெருக்கள் வெளிறிக் கிடந்தன. நடுவில் ஒன்று மட்டும் சிராய்த்த முழங்கால் மாதிரி இருந்தது.

“இது எந்தத் தெருன்னு தெரியுதாம்மா?”

அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடவில்லை. “நம்ம தெருதான். இல்லாட்டி இவ்வளவு மெனக்கெட்டுத் திருப்பிக் காட்டுவியா?”

“நாலு வருஷத்துக் கணக்கும்மா. இந்தச் சுற்றுவட்டாரத்துலயே நம்ம தெருதான் மோசம். இதைப் பாத்துட்டும் உன்னைத் தனியா விட்டுட்டுப் போனா நான் என்ன பிள்ளை? என் ஃபிளாட்ல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. கீழ காவல்காரர் இருக்காரு, கேமரா இருக்கு.”

“கேமரா என்னோட பேசுமா?”

“விளையாடாதம்மா.”

இளைய மகள் தொட்டியருகே நின்று டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். “இவ வேலையே இதுதானே. இவகிட்டயே கேளு.”

அவளுடைய வேலை அதுதான். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், எந்தத் தெருவில் வீட்டுக்கு ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போட்டு மதிப்பெண் கொடுப்பவள். திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் அவளுக்கு எண்கள்.

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நீ பாத்துச் சொல்லும்மா. இருன்னா இருக்கேன், கிளம்புன்னா கிளம்பறேன்.”

டம்ளர் கழுவிய கை நின்றது. அம்மா இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்பதில்கூட அடுத்தவர் பேச்சைக் கேட்காதவள். வரமாட்டேன் என்று அம்மா ஒரு தடவை சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது இளையவளுக்கு. சொல்லியிருந்தால் அண்ணனோடு சண்டை போட்டிருக்கலாம். இப்போது வீடு நிற்பதும் போவதும் அவள் வாயில் வந்து நின்றது.

“அடுத்த ஞாயிறு வண்டியோட வரேன்” என்றான் அண்ணன். “அதுக்குள்ள பாத்து வை.”

அவன் போனதும் அப்பாவின் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். அலுவலகத்தில் விடுப்புச் சொல்லியாகிவிட்டது. மேஜைமேல் அவருடைய டார்ச் இருந்தது. வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து டார்ச் இல்லாமல் அவர் வெளியே போனதில்லை. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். மாடிப்படிக்கு அடியில், குளியலறைக்குப் பின்னால், மாட்டக்கூடாத இடத்தில் மாட்டிய மீட்டர்களையெல்லாம் டார்ச் அடித்துக் குனிந்து படித்தே முதுகு கூன் போட்டுவிட்டது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அத்துப்படி. பூட்டிய வீடுகளுக்குச் சராசரி போட்டுவிட்டுப் போகலாம் என்று விதி இருந்தது. இவர் போடமாட்டார். மறுபடி போவார். “நாம எழுதாட்டி மீட்டர் ஓடாம நின்னுடுமா?” என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த ஆளுக்குக் கையும் காலும் சும்மா இருக்கவில்லை. முதல் வாரமே எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் சைக்கிள் போயிற்று.

“போனது போச்சு சார், விடுங்க” என்றார் தையல்காரம்மா.

“போனது போகட்டும். எழுதிட்டு வந்துடுவோம், வாங்க.”

காவல் நிலையத்தில் பாதி நாள் போயிற்று. சைக்கிள் கிடைக்கவில்லை. மீட்டர்காரருக்கு அதில் வருத்தமும் இல்லை. அதற்கப்புறம் தெருவில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் அவர் காதுக்கு வந்துவிடும். கொடியில் காய்ந்த சட்டை, வாசல் குழாய், மோட்டார் மூடி, குழந்தையின் மூன்று சக்கர வண்டி. காலைச் சாப்பாடு முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, பொருளைப் பறிகொடுத்தவரையும் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவார். நிலைய எழுத்தர் ஒருநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

“சார், இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்.”

“கண்டுபிடிக்கச் சொல்லலையே. எழுதத்தானே சொல்றேன்.”

மருந்துக்கடைக்காரர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார், மீட்டர் சாருக்குத் தூக்கம் காணாமல் போனாலும் புகார் எழுதிவிடுவார் என்று. அம்மா மட்டும் சளைத்தவளா? “எனக்குன்னு வாய்ச்ச மனுஷன் ஊருக்கெல்லாம் காவல்காரன். சொந்த வீட்ல உப்புத் தீர்ந்தா மட்டும் கண்ணு தெரியாது.”

அந்த நாலு வருடத்துப் புகார் வரிகளைத்தான் இளையவள் இப்போது மடிக்கணினியில் இறக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு வரி: தேதி, வகை, தெரு, வீடு. பொருள் இன்னது என்று பொதுவில் காட்டமாட்டார்கள். ‘சிறு திருட்டு’ என்று மட்டும் இருக்கும். அவர்கள் தெருவுக்கு வந்தவை முக்கால்வாசியும் அதே இரண்டு சொற்கள். சிறு திருட்டு, சிறு திருட்டு, சிறு திருட்டு.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் பயந்த சிவப்பு முழுவதும் அப்பா.

அதற்கப்புறம் கணக்கை மறந்துவிட்டாள். ஒரு புள்ளியைத் தொட்டாள். தேதி வந்தது. அவர் தினமும் சாயங்காலம் அவளைக் கூப்பிடுவார். “இன்னிக்கு ஒண்ணு எழுதிட்டு வந்தோம்” என்றுதான் தொடங்குவார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவாள். இப்போது தேதியை வைத்து அந்தக் குரலைத் தேடினாள். அந்த மழைக்காலத்துப் புள்ளி, மருந்துக்கடை வாசலில் போன குடைகள். அலுவலகத்தில் அவளுக்குப் பதவி உயர்வு வந்த வாரத்துப் புள்ளி, தையல்காரம்மாவின் பெரிய கத்தரிக்கோல். சிலவற்றுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவர் சொல்லியிருப்பார். அவள் உம் கொட்டியிருப்பாள்.

வராதவற்றை அம்மாவிடம் கேட்டாள். அம்மா சமையலறையிலிருந்தபடியே பதில் சொன்னாள்.

“அதுவா, மாடிவீட்டுக்காரர் பால் கேன். அன்னிக்கு உங்கப்பா சட்டையத் திருப்பிப் போட்டுட்டுப் போயிட்டாரு. ஸ்டேஷன்ல யாரும் சொல்லல. வந்து நான்தான் சொன்னேன்.”

“இது?”

“பள்ளிக்கூட டீச்சர் வீட்டு மணி.”

“மணியா?”

“வாசல்ல அழுத்துற மணி. பொத்தானை மட்டும் பிடுங்கிட்டுப் போயிட்டான். எதுக்குன்னு அவனுக்கே தெரியாது.”

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்ததை இளையவள் கவனித்தாள். அம்மா கதவருகே வந்து நின்றுவிட்டாள். இரண்டு பேரும் அன்று சாயங்காலம் வரை ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் புள்ளி இடித்தது. அவர் இறப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதி. புள்ளி அவர்கள் வீட்டின் மேலேயே இருந்தது.

“நம்ம வீட்லயா?” என்றாள் அம்மா. “ஒண்ணும் போகலையே. போயிருந்தா எனக்குத் தெரியாதா?”

“அப்பா சொல்லலையா?”

“இல்லையே.” அம்மாவின் முகம் சுருங்கியது. “என்கிட்ட சொல்லாம என்னத்த எழுதினாரு?”

அதற்குப் பின்னால் ஒரு புள்ளியும் இல்லை. மூன்று மாதமும் தெரு வெறுமையாக இருந்தது. தேதிகளை அந்த மூன்று மாதத்துக்குச் சுருக்கிப் பார்த்தபோது சிவப்பு முழுக்க வடிந்துவிட்டது. ஊரிலேயே பத்திரமான தெரு அவர்களுடையது. அவர் இல்லை என்பதை இத்தனை துல்லியமாக வேறு எதுவும் அவளுக்குக் காட்டியதில்லை. மாலை போட்ட படம்கூட.

இந்தத் திரையைப் பிடித்து அண்ணனிடம் காட்டினால் அவன் வாயடைத்துப் போவான். அம்மா இங்கேயே இருப்பாள். டார்ச் அது இருக்கிற இடத்திலேயே இருக்கும். விடுமுறைக்கு வந்தால் இந்த நாற்காலியில் உட்காரலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது பொய் என்று அவளுக்குத் தெரியும். நாலு வருடச் சிவப்பு எப்படிப் பொய்யோ அப்படியே இந்த வெளுப்பும் பொய். மீட்டரைப் படிக்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மா உண்மையில் எவ்வளவு பத்திரம் என்பதுதான் கேள்வி. தப்பான விடையைச் சொல்லி அம்மாவை இங்கே விட்டுப்போக முடியாது.

மறுநாள் வேறு வழியில் தொடங்கினாள். எழுத ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புகார் கட்டாயம் ஆகிற திருட்டு எது? இருசக்கர வண்டி. புகார் நகல் இல்லாமல் காப்பீட்டுப் பணம் வராது என்பதால் எப்பேர்ப்பட்ட சோம்பேறியும் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அவள் நிறுவனமே அப்படித்தான் கேட்கும். வண்டித் திருட்டை மட்டும் தனியாகப் பிரித்து, சுற்றியுள்ள தெருக்களோடு ஒப்பிட்டாள். பூட்டை உடைத்துப் புகுந்த வழக்குகளையும் அப்படியே பார்த்தாள். அவர்கள் தெரு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்தோடு பதினொன்று.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த மூன்று மாத வெறுமை உறுத்தியது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தையல்காரம்மா இயந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். “போகாம என்னம்மா? போன மாசம் தண்ணிக் குழாய் போச்சு. பின்பக்கத்து டீச்சர் வீட்ல பட்டப்பகல்ல ஒருத்தன் தாழ்ப்பாள ஆட்டிப் பாத்திருக்கான். உள்ள ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சதும் ஓடிட்டான்.”

“புகார் கொடுத்தாங்களா?”

“யாரு போறது? அப்பா இருந்தா கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பாரு. திட்டிக்கிட்டே போயிருப்போம்.”

பக்கத்துத் தெருவிலும் போய்க் கேட்டாள். அங்கேயும் குழாய், அங்கேயும் சைக்கிள், அங்கேயும் தாழ்ப்பாளை ஆட்டிய ஒருவன். ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அதனால்தான் அந்தத் தெரு வரைபடத்தில் அவ்வளவு வெளுப்பு. தன் அலுவலகத்தின் கணக்கில் இப்படி எத்தனை தெருக்கள் வெளுத்திருக்கும், எத்தனை மீட்டர்காரர்களால் எத்தனை தெருக்கள் சிவந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள்.

மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்து கூப்பிட்டார். “என்னம்மா, அப்பா மாதிரியே வீடு வீடா ஏறி இறங்குற? மீட்டர் புத்தகம் எங்க?”

“இருந்தா கொண்டுவந்திருப்பேன் மாமா.”

அவர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். “இந்தப் பக்கம் மத்தியானம் ரெண்டு போலீஸ்காரங்க பைக்ல வருவாங்க, தெரியுமா? அப்பா எழுதி எழுதித்தான் ரோந்து போட்டாங்க. இவர் கேட்ல நின்னுட்டு, ஏதோ டாக்ஸி பிடிச்சு வச்சவர் மாதிரி கையக் காட்டுவாரு. இப்ப வர்றதில்ல.”

வீட்டில் அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஆச்சரியப்படவில்லை.

“எனக்குத் தெரியும். அந்த பைக் சத்தம் கேட்டாத்தான் நான் மத்தியான டீக்கு அடுப்பு பத்த வைப்பேன். இப்ப எப்ப வைக்கிறதுன்னே தெரியல. சில நாள் மறந்துடுது.”

அடுத்த ஞாயிறு அண்ணன் வண்டியோடு வந்தான். பின்னிருக்கையில் மடித்த அட்டைப்பெட்டிகள் இருந்தன. இளையவள் மடிக்கணினியைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினாள். சிவப்பு யாரால் வந்தது, வெளுப்பு ஏன் வந்தது, வண்டித் திருட்டு என்ன சொல்கிறது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

“அப்போ இது அத்தனையும் அப்பாவா?” திரையைத் தொடாமல் விரலை அதன் மேலே வைத்திருந்தான்.

“முக்கால்வாசி.”

“பால் கேனுக்கெல்லாமா போனாரு?”

“மணி பொத்தானுக்குப் போயிருக்காரு.”

அவன் முகம் கலங்கி, பிறகு தெளிந்தது. “சரி. நேரா சொல்லு. அம்மா இங்க இருக்கலாமா, கூடாதா?”

“மத்த தெரு மாதிரிதான் நம்ம தெருவும். உன் ஃபிளாட் இருக்கிற தெருவையும் பாத்தேன். அதுவும் இப்படித்தான். கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடணும். ஆனா ஒண்ணு. ரோந்து நின்னுடுச்சு. புகார் வராத இடத்துக்கு அவங்க ஆள் அனுப்பமாட்டாங்க.”

“அதைத்தானே நானும் சொல்றேன். அப்பா இருந்தவரைக்கும் சரி. இப்ப யார் இருக்கா?”

அவள் இறக்கி வைத்த எந்த வரியிலும் அது கிடையாது.

அம்மா அதுவரை பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள்: “நம்ம வாசல் குழாயும் போயிடுச்சு. ஒரு மாசம் இருக்கும்.”

இருவரும் திரும்பினார்கள்.

“ஏம்மா சொல்லல?”

“யார்கிட்ட சொல்றது?” என்றாள் அம்மா. “காலையில எழுந்து பாத்தேன். குழாய் இல்ல. அவர்கிட்ட சொல்லணும்னு உள்ள வந்தேன். அறை வரைக்கும் வந்துட்டேன்.”

தெருவில் ஒரு வண்டி போகிற சத்தம் கேட்டது. அது பைக் இல்லை.

அம்மா எழுந்தாள். “இரு, புடவை மாத்திட்டு வரேன்.”

“எங்கம்மா?” என்றான் அண்ணன்.

“வண்டி கொண்டு வந்திருக்கேல்ல. ஸ்டேஷன் வரைக்கும் விடு. எழுதிட்டு வந்துடுவோம்.”

காவல் நிலையத்தில் எழுத்தர் மேஜைக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. அம்மா சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுத்தர் விலாசத்தைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“மீட்டர் சார் வீடா? எங்க ஆளையே காணோம்? இவ்வளவு நாள் வராம இருக்கமாட்டாரே. கோபமா எங்க மேல?”

“அவர் தவறிட்டாரு” என்றாள் அம்மா. “மூணு மாசம் ஆச்சு.”

எழுத்தர் எழுந்து நின்றார். எதற்காக எழுந்தோம் என்று அவருக்கே தெரியாதவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். “நீங்க உக்காந்திருக்கிறதுதான் அவர் நாற்காலி” என்றார்.

குழாயை எழுதிக்கொண்டார். பித்தளையா, எவர்சில்வரா, எப்போது கடைசியாகப் பார்த்தது. அம்மா ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். எழுதி முடிந்ததும் இளையவள் கேட்டாள்.

“சார், கடைசியா அப்பா எங்க வீட்டுக்கே ஒரு புகார் கொடுத்திருக்காரு. என்னன்னு எங்க யாருக்கும் தெரியல.”

எழுத்தர் கணினியைப் பார்க்கவே இல்லை. “செருப்பு.”

“செருப்பா?”

“அவர் செருப்பு. புதுசு. வாசல்ல விட்டது காணோம்னு பழைய ரப்பர் செருப்பப் போட்டுட்டு வந்தாரு. எழுதினேன். மறுநாள் காலையில மறுபடி வந்து நிக்கிறாரு. பாத்தா கால்ல புதுச் செருப்பு. கட்டிலுக்கு அடியில இருந்துச்சாம். அதை அழிச்சிடுங்கன்னாரு. அழிக்க முடியாது சார், ஏத்தினா ஏத்தினதுதான்னேன். முகமே செத்துப் போச்சு. தப்புக் கணக்கு எழுதிட்டேனேன்னு அரைமணி நேரம் இங்கயே உக்காந்திருந்தாரு. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். போகும்போது, வீட்ல சொல்லிடாதீங்கன்னாரு.”

அம்மாவின் தோள் குலுங்கியது. அண்ணன் பதறிப்போய்க் குனிந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சிரிப்பு நிற்கவில்லை.

“அறையில கிடந்தத நான்தான் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில தள்ளி விட்டேன்” என்றாள். “செருப்பப் பாத்தியான்னு கேட்டாரு. வாசல்லதான் கிடக்கும் போங்கன்னு அடுப்படியில இருந்தே சொன்னேன். திருடனே நான்தான்.”

எழுத்தரும் சிரித்துவிட்டார். “அதையும் எழுதிக்கவா?”

“எழுதிக்குங்க. இனிமே நான்தான் வருவேன்.”

வீடு திரும்பியதும் அண்ணன் பெட்டிகளை வண்டியிலிருந்து எடுக்கவில்லை. கடைக்குப் போய் ஒரு கனமான தாழ்ப்பாளும் புதுக் குழாயும் வாங்கி வந்தான். தாழ்ப்பாளைக் கோணலாக மாட்டிவிட்டுக் கதவைக் குறை சொன்னான். கிளம்பும்போது அம்மா சொன்னாள், “ஒரு பெட்டிய விட்டுட்டுப் போ. அவர் சட்டையெல்லாம் மடிச்சு வைக்கணும்.”

அடுத்த மாதத் தொடக்கத்தில் வரைபடம் புதுப்பிக்கப்பட்டது. இளையவள் அலுவலகத்தில், தன் மேஜையில், மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுத் திறந்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

“வந்துடுச்சும்மா, உன் புள்ளி.”

“எவ்வளவு பெருசா இருக்கு?”

“கடுகளவு.”

“அவரோடது?”

“எல்லாம் ஒரே அளவுதான்.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “அந்தச் செருப்பு எங்க இருக்கு? என்னோடதுக்குப் பக்கத்துலயா?”

இளையவள் திரையைப் பெரிதாக்கினாள். வீட்டின் மேல் ஒரு புள்ளிதான் தெரிந்தது, மற்றவற்றைவிடச் சற்று அடர்த்தியாக. தொட்டதும் இரண்டு தேதிகள் விரிந்தன.

“பக்கத்துல இல்லம்மா. ஒண்ணு மேல ஒண்ணு. ஒரே வீடுதானே.”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள். இந்த முறை உம் கொட்டவில்லை.

“சரி, வச்சிடவா?” என்றாள் அம்மா கடைசியில். “தையல்காரம்மா வாசல்ல நிக்கறாங்க. அவங்க வீட்டு வாளியக் காணோமாம். முதல்ல கட்டிலுக்கு அடியில பாத்துட்டு வாங்கன்னு சொல்லணும்.”